ஸ்டீம்பங்க், சைபர்பங்க் மாதிரி பங்க்னு முடியுற கதை வகைகளைப் பிரிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொதல்ல, இந்த வகைகளப் பத்திப் பேசுறப்போ அடிக்கடி வர்ற ரெட்ரோஃபியூச்சரிசம்னா என்ன?

பழைய காலத்து ஆளுங்க எதிர்காலம் இப்படித்தான் இருக்கப்போகுதுன்னு கற்பனை பண்ணி வச்சிருந்தாங்கல்ல, அந்தக் கற்பனைய இன்னைக்கு நாம எடுத்து வச்சு விளையாடுறது. பழைய காலத்துல நடந்தா சரித்திரக் கதை, வரப்போற காலத்துல நடந்தா சயின்ஸ் ஃபிக்‌ஷன், வராமலே போன ஒரு எதிர்காலத்துல நடந்தா அங்கதான் இந்தப் பேரு பொருந்தும்.

இதுல ரெண்டு விஷயத்தப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. 1899-ல ஆரம்பிச்சு 1910 வரைக்கும் பிரான்ஸ்ல 2000-ஆம் வருஷம் எப்படி இருக்கும்னு ஒரு பட வரிசை வந்துச்சு. றெக்கை கட்டிக்கிட்டுப் பறந்து வர்ற தீயணைப்பு வீரர்கள், அப்புறம் ஒரு ஸ்கூல் படம், அதுல வாத்தியார் புத்தகத்த ஒரு மெஷினுக்குள்ள போடுறாரு, ஒரு பையன் கைப்பிடியச் சுத்தி அரைக்கிறான், பாடம் ஒயர் வழியா மத்த பசங்க காதுக்குப் போகுது. இத வரைஞ்சவங்களுக்கு இது சாதாரண எதிர்காலம், அதுல ரெட்ரோ ஒண்ணும் கிடையாது. ஆனா இன்னைக்கு ஒருத்தர் அதே படத்தப் பார்த்துட்டு, சரி இந்த உலகம் நிஜமாவே வந்திருந்தா அந்தக் கைப்பிடிய சுத்துற பையனுக்கு யாரு பாடம் சொல்லிக்குடுப்பான்னு ஒரு கதை எழுதினா, அது ரெட்ரோஃபியூச்சரிசம்.

அப்போ ஜூல் வெர்ன், ஹெச்.ஜி.வெல்ஸ் எல்லாம் ஸ்டீம்பங்க் எழுத்தாளர்கள் இல்லையா?

இல்லவே இல்ல. அவங்க அவங்களோட காலத்து சயின்ஸ் ஃபிக்‌ஷன எழுதினாங்க. ஸ்டீம்பங்க், அதாவது 19-ஆம் நூற்றாண்டு விக்டோரியா ராணி காலத்து நீராவி மெஷின்கள வச்சுப் பின்னாடி வந்தவங்க எழுதுற கதை, அவங்ககிட்டேர்ந்து கடன் வாங்கினது, அவ்வளவுதான். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, 1870-ல வெர்ன் எழுதின நாட்டிலஸ் நீர்மூழ்கி ஓடுறது மின்சாரத்துல, நீராவியில இல்ல. ஆனா இன்னைக்கு யாராவது நாட்டிலஸ் மாடல் செஞ்சா பித்தளை பாய்லர், புகைபோக்கி, பல்சக்கரம்னு போட்டுத் தாளிச்சுடுறாங்க. வெர்ன் தன் காலத்துல ரொம்ப மாடர்னான சக்திய எடுத்தாரு, நாம அதப் பிடுங்கிட்டு அவரப் பழசாக்கிட்டோம்.

எல்லாத்துக்கும் பின்னாடி "பங்க்" எப்படி வந்து ஒட்டிக்கிச்சு?

ஆரம்பம் சைபர்பங்க். புரூஸ் பெத்கே 1980-ல எழுதி 1983-ல பத்திரிகைல வந்த ஒரு சிறுகதையோட தலைப்பே அதுதான், கம்ப்யூட்டர்ல கில்லாடியா இருக்குற அடங்காத பசங்களப் பத்தின கதை. 1984-ல கார்ட்னர் டோசுவாங்கிற எடிட்டர், வில்லியம் கிப்சன், புரூஸ் ஸ்டெர்லிங் மாதிரி அப்ப புதுசா எழுத வந்தவங்களுக்கு மொத்தமா இந்தப் பேர வச்சாரு, பேரு நின்னுடுச்சு. அங்க பங்க்னு, அதாவது அடங்காத ஆளுன்னு, சொன்னதுக்கு அர்த்தம் இருந்துச்சு. பெரிய கம்பெனிங்க கைல உலகம் இருக்கு, ஹீரோவுக்குக் கைல காசு இல்ல, மரியாதை இல்ல, தெருவுல கிடக்குற டெக்னாலஜிய எடுத்து அதுக்குன்னு செய்யாத வேலைக்குப் பயன்படுத்துறான்.

அப்புறம் 1987-ல கே.டபிள்யூ.ஜீட்டர்ங்கிற எழுத்தாளர் லோகஸ்ங்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுறாரு. தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதுற விக்டோரியா காலத்துக் கதைகளுக்கு ஒரு பொதுப் பேரு வேணும், அந்தக் காலத்து டெக்னாலஜிய வச்சு ஸ்டீம்பங்க்னு ஏதாவது வைக்கலாமேன்னு பாதி கிண்டலா சொல்றாரு. அதாவது இன்னைக்கு ஆயிரக்கணக்கான பேரு காஸ்ட்யூம் போட்டுக்கிட்டுக் கூடுற ஒரு வகையோட பேரு, சைபர்பங்க்கைக் கலாய்ச்ச ஒரு ஜோக். அந்த ஜோக்லதான் ஃபார்முலாவும் பொறந்துச்சு: முன்னாடி ஒரு எரிபொருளோ மெஷினோ போடு, பின்னாடி பங்க் போடு, முடிஞ்சது. அதுக்கப்புறம் வந்த பாதிப் பேரு இந்த ஃபார்முலாவுல அச்சடிச்சதுதான், அதுல பங்க்குங்கிறது பேருக்குப் பின்னாடி போட்டுக்கிற பட்டம் மாதிரி ஆயிடுச்சு, படிச்சாங்களா இல்லையான்னு யாரும் கேக்குறதில்ல.

சரி, ஒரு கதையக் கைல குடுத்தா எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் மூணு கேள்வி கேப்பேன். அந்த உலகத்த ஓட்டுற மெஷின் எது? அந்த எதிர்காலம் எந்தக் காலத்து ஆளுங்களோட கனவு? அந்தக் கனவுல நசுங்குறது யாரு? மொத ரெண்டு கேள்விக்குப் பதில் கிடைச்சா முன்னாடி போடவேண்டிய வார்த்தை கிடைச்சுடும், ஸ்டீம், டீசல், ஆட்டம் எதுவோ. மூணாவதுக்குப் பதில் இருந்தாத்தான் பங்க்குன்னு சொல்லணும்ங்கிறது என் கட்சி. இத ஒத்துக்காதவங்க நெறைய இருக்காங்க, அவங்களப் பொறுத்தவரைக்கும் பங்க்குன்னா ஒரு லுக், ஒரு அழகியல், அவ்வளவு போதும். கடைல, லைப்ரரில, டேக் போடுற இடத்துல அவங்க வழக்கம்தான் ஓடுது, அதனால தேடுறதுக்கு அந்த அர்த்தத்துலயே தேடுங்க, ஆனா ஒரு கதையப் பத்தி விமர்சனம் எழுதும்போது மூணாவது கேள்விய விட்டுடாதீங்க.

இன்னொரு சோதனையும் இருக்கு. கதைலேர்ந்து அந்த மெஷின மொத்தமா உருவிட்டுப் பாருங்க, கதை அப்படியே நிக்குதுன்னா அந்தப் பல்சக்கரமெல்லாம் ஒப்புக்குச் சப்பாணிதான். அது ஒரு காதல் கதை இல்ல துப்பறியும் கதை, மேல பித்தளைப் பெயின்ட் அடிச்சிருக்காங்க.

ஸ்டீம்பங்க்ல எங்கங்க பங்க் இருக்கு? எல்லாரும் டீ குடிக்கிற கனவான்களா இருக்காங்களே?

இது ரொம்ப நியாயமான கேள்வி, நெறைய ஸ்டீம்பங்க்ல நிஜமாவே இல்ல. காலனி ஆட்சி உச்சத்துல இருந்த காலம், குழந்தைங்கள மில்லுலயும் சுரங்கத்துலயும் வேலைக்கு வச்ச காலம், அதுலேர்ந்து தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத விட்டுட்டா அது சுத்தமான நாஸ்டால்ஜியா.

எங்க இருக்குன்னு காட்டணும்னா கிப்சனும் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990-ல எழுதின டிஃபரன்ஸ் எஞ்சின் நாவலச் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித மேதை சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்குப் போடுற மெஷின நிஜத்துல முடிக்கவே இல்ல. நாவல்ல முடிச்சுட்டாரு, அதனால 1855-லயே இங்கிலாந்துல கம்ப்யூட்டர் புரட்சி வந்துடுது, கவிஞர் பைரன் பிரதமரா இருக்காரு, விஞ்ஞானிகளும் தொழிலதிபர்களும் பிரபுக்களா ஆயிட்டாங்க. அரசாங்கத்துல ஒரு புள்ளிவிவர அலுவலகம் இருக்கு, அங்க வரிசை வரிசையா எஞ்சின் ஓடுது, நாட்டுல இருக்குற ஆளுங்களோட விவரமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைல இருக்கு. அந்த அட்டைய எழுதுறவங்களுக்கு க்ளாக்கர்னு பேரு, நம்ம ஹேக்கருக்கு அந்தக் காலத்துச் சித்தப்பா. இங்க மெஷின உருவினா கதையே இல்ல, ஏன்னா நீராவி வந்ததால இங்க மாறினது டிரெஸ் இல்ல, யாரு யாரக் கண்காணிக்கிறாங்கங்கிறது.

சும்மா ஒரு தகவல்: பாபேஜ் வரைஞ்சு வச்ச இரண்டாம் டிஃபரன்ஸ் எஞ்சின லண்டன் சயின்ஸ் மியூசியம் 1991-ல கட்டி முடிச்சாங்க, 31 இலக்கம் வரைக்கும் சரியாக் கணக்குப் போட்டுச்சு. அது ஓடுறதும் நீராவியில இல்ல, கையால சுத்துறது.

ஸ்டீம், டீசல், ஆட்டம்... கால வரிசையா ஒரு தடவ சொல்லுங்களேன்?

பித்தளைச் சாவி குடுத்து ஓடுற ஸ்பிரிங், மறுமலர்ச்சிக் காலம், டாவின்சி நோட்டுல இருக்குற மெஷினெல்லாம் நிஜமாவே ஓடினா எப்படின்னு போனா கிளாக்பங்க். விக்டோரியா காலமும் நீராவியும் ஸ்டீம்பங்க். மொத உலகப் போருக்கும் ரெண்டாவது உலகப் போர் முடிவுக்கும் நடுவுல டீசல்பங்க். 1945-லேர்ந்து 60-கள் நடு வரைக்கும் அணுசக்திக் கனவு, அது ஆட்டம்பங்க். அதுக்கடுத்து 70-களும் 80-களும், கேசட் ஃபியூச்சரிசம், பச்சை எழுத்து ஓடுற பிக்சர் டியூப் திரை, தட்டுனா டக்குனு சத்தம் வர்ற பட்டன், வெளுத்த பிளாஸ்டிக். 1979-ல வந்த ஏலியன் படத்துல அந்தக் கப்பலுக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர் ரூம ஞாபகப்படுத்திக்கோங்க, அதேதான். இந்தக் கடைசி ஒண்ணுக்கு மட்டும் பங்க்னு ஒட்டாம ஒரு பேரு நிலைச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, நேர்மையான பேரு.

கல்லு காலத்துக்கு ஸ்டோன்பங்க், கிரேக்க ரோமானிய காலத்துக்கு சாண்டல்பங்க்குன்னு பின்னாடியும் போறாங்க. அதெல்லாம் பேருக்காகப் பேரு, படிக்க ரெண்டு மூணு தேறினாலே பெரிசு.

டீசல்பங்க்குக்கும் டெகோபங்க்குக்கும் என்னதான் வித்தியாசம்?

ஒரே காலம், வேற மூஞ்சி. டீசல்பங்க் பேரு 2001-ல லூயிஸ் பொல்லாக்ங்கிறவர் தன்னோட ஒரு ரோல்பிளே கேமுக்காக வச்சது. எண்ணெய்ப் பிசுக்கு, டேங்க், பதுங்குகுழி, பிரசார போஸ்டர். டெகோபங்க் அதே காலத்தோட பளபளக்குற பக்கம், அப்போ ஃபேஷனா இருந்த ஆர்ட் டெகோ பாணிக் கட்டடம், குரோமியம், ஜாஸ். 2007-ல வந்த பயோஷாக் கேம்ல கடலுக்கடியில ஒரு நகரம் வருமே, ராப்ச்சர், அதுதான் எல்லாரும் காட்டுற உதாரணம். கதை நடக்குறது 1960-ல, ஆனா அந்த நகரத்தோட கனவு 30-கள், 40-களோடது. அதனாலதான் ரெண்டாவது கேள்வியில "எந்த வருஷத்துல நடக்குது"ன்னு கேக்காம "யாரோட கனவு"ன்னு கேக்கணும்னு சொல்றேன்.

டீசல்பங்க், டெகோபங்க் கதைகள்ல வானக்கப்பல், அதாவது வாயு நிரப்பிப் பறக்குற ராட்சத பலூன் கப்பல், இல்லாம ஒண்ணு பார்க்க முடியாது. அதுக்கும் காரணம் இருக்கு. 1931-ல திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தோட உச்சியில வானக்கப்பல கட்டிப்போட ஒரு கம்பம் வச்சாங்க, விளம்பரத்துக்கு வச்சாங்கன்னே வச்சுக்கிட்டாலும் அத அப்ப யாரும் பைத்தியக்காரத்தனமாப் பார்க்கல. 1937 மே 6-ஆம் தேதி ஜெர்மனியோட ஹிண்டன்பர்க் வானக்கப்பல் எரிஞ்சு விழுந்துச்சு, மக்கள் நம்பிக்கை போச்சு, அந்த எதிர்காலத்துக்குக் கதவ சாத்தியாச்சு. இப்படி ஒரு குறிப்பிட்ட நாள்ல செத்துப்போன கனவுங்கதான் ரெட்ரோஃபியூச்சரிசத்துக்கு நல்ல தீனி.

ஃபால்அவுட் கேம் ஆட்டம்பங்க்கா, போஸ்ட் அபோகலிப்டிக்கா?

ரெண்டும். சண்டை போடவேண்டாம். போஸ்ட் அபோகலிப்டிக்குங்கிறது கதையோட நிலைமையச் சொல்லுது, உலகம் அழிஞ்சாச்சு. ஆட்டம்பங்க்குங்கிறது எந்த உலகம் அழிஞ்சுச்சுன்னு சொல்லுது. அந்தக் கதைப்படி அணுகுண்டுப் போர் நடக்குறது 2077 அக்டோபர் 23, ஆனா வீட்டு சோஃபா, ரேடியோ, விளம்பரத்துல சிரிக்கிற குடும்பம் எல்லாம் 1950-கள். நம்ம உலகத்துல 1947 டிசம்பர்ல பெல் லேப்ஸ்ல டிரான்சிஸ்டர் வந்துச்சு, எல்லாம் சின்னதாக ஆரம்பிச்சுச்சு. அவங்க உலகத்துல அது பின்தங்கிப்போய், பழைய ரேடியோல இருக்குற கண்ணாடி வால்வும் அணு உலையுமா வண்டி ஓடுது, காரு கூட அணுசக்தியில.

இது கற்பனைன்னு சிரிக்காதீங்க, 1958-ல ஃபோர்டு கம்பெனி நியூக்ளியான்னு ஒரு கார் மாடல் காட்டினாங்க, பின்பக்கம் சின்ன அணு உலை, ஒரு தடவ எரிபொருள் போட்டா 8,000 கிலோமீட்டர் போகும்னு கணக்கு. சின்ன மாடலோட நின்னுடுச்சு, நல்லவேளை, பின்னாடி வர்ற வண்டி வந்து இடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மூணாவது கேள்விக்கும் இந்தக் கேம்ல பதில் இருக்கு. மக்களக் காப்பாத்தக் கட்டினதா சொன்ன பதுங்கறைகள்ல பாதிக்கு மேல அவங்க மேலேயே பரிசோதனை பண்ணக் கட்டினது. அந்தச் சிரிக்கிற குடும்பத்து போஸ்டரும் அந்தப் பரிசோதனையும் ஒரே சுவத்துல இருக்குறதுதான் பங்க்.

பழைய கனவ ரசிக்கிறதுல என்ன தப்பு? எதுக்கு எல்லாத்துலயும் அரசியல் பார்க்கணும்?

ரசிக்கிறதுல தப்பே இல்ல, நானே வானக்கப்பல் படம் போட்டா உக்காந்து பார்ப்பேன். ஆனா இதுக்கு நான் சொல்றத விட கிப்சன் 1981-ல எழுதின ஒரு சிறுகதை நல்லா பதில் சொல்லுது, கெர்ன்ஸ்பேக் கன்டினூவம்னு பேரு. ஒரு போட்டோகிராபருக்கு வேலை வருது, அமெரிக்கா முழுக்கச் சுத்தி 1930-கள்ல எதிர்காலத்தனமாக் கட்டின பெட்ரோல் பங்க், தியேட்டர், ஃபேக்டரி மிச்சமெல்லாம் படம் எடுக்கணும். எடுக்க எடுக்க அந்த வராத எதிர்காலம் அவன் கண்ணுல நிஜமாவே தெரிய ஆரம்பிக்குது, பன்னெண்டு எஞ்சின் வச்ச பறக்குற றெக்கை, அப்புறம் பாலைவனத்துல மின்னுற ஒரு நகரம். அந்த நகரத்துலேர்ந்து வெள்ளை டிரெஸ்ல ஒரு ஜோடி வருது, பொன்னிறத் தலைமுடி, ஆரோக்கியம், முகத்துல ஒரு குறை இல்ல, சந்தேகம்னா என்னன்னே தெரியாத ஆளுங்க. அவனுக்கு அழகாத் தெரியல, பயமா இருக்கு, நாஜி பிரசாரத்துல வர்ற ஆளுங்க மாதிரி இருக்காங்க. அதுலேர்ந்து தப்பிக்க அவனுக்கு நண்பன் சொல்ற மருந்து என்ன தெரியுமா, மட்டமான டிவி நிகழ்ச்சியா உக்காந்து பாரு. நம்மளோட அழுக்கான, ஓட்டை ஒடிசலான நிகழ்காலத்துக்குத் திரும்பி வர்றதுதான் அங்க நிம்மதி.

"அந்தக் காலத்து எதிர்காலம் எவ்வளவு அழகு"ன்னு ஒரு படத்தப் பார்த்தா, அந்தப் படத்துல யாரு இல்லன்னு ஒரு தடவ தேடிப் பாருங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஆல்டர்னேட் ஹிஸ்டரியும் இதுவும் ஒண்ணா?

இல்ல, ஆனா அடிக்கடி ஒரே வீட்டுல இருக்கும். ஆல்டர்னேட் ஹிஸ்டரிக்கு ஒரு திருப்பம் வேணும், இந்த நாள்ல இது இப்படி நடந்திருந்தா. ரெட்ரோஃபியூச்சரிசத்துக்கு அது கட்டாயம் இல்ல, ஏன் இப்படி ஆச்சுன்னே சொல்லாம கதை ஓடலாம். டிஃபரன்ஸ் எஞ்சின் ரெண்டுலயும் வரும். ஹிட்லர் ஜெயிச்சிருந்தாங்கிற வகைக் கதைல மெஷின் எல்லாம் சாதாரணமா இருந்தா அது வெறும் ஆல்டர்னேட் ஹிஸ்டரி.

மந்திரம், பேய், ரத்தக்காட்டேரி வந்தா ஸ்டீம்பங்க்லேர்ந்து தள்ளிடணுமா?

அதுக்கு கேஸ்லாம்ப் ஃபேன்டஸின்னு ஒரு தனிப் பேரு இருக்கு. பிரச்சினைய மெஷினால தீர்த்தா ஸ்டீம்பங்க், மந்திரத்தால தீர்த்தா கேஸ்லாம்ப், எனக்கு இது போதும். ரொம்பக் கறாரா இருந்தா ஜீட்டர் குரூப்பே வெளிய போயிடும், பவர்ஸோட 1983 நாவல்ல மந்திரவாதிங்கதான் கதையே.

சைபர்பங்க்கே இப்ப ரெட்ரோவா ஆயிடுச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா, எனக்குப் பார்க்க ஜாலியா இருக்குற விஷயம் இதுதான். 1982-ல வந்த பிளேட் ரன்னர் படம் நடக்குறது 2019 நவம்பர்ல, அது வந்துட்டுப் போயிடுச்சு. அந்தப் படத்துல ஹீரோ வீடியோ கால் பண்றாரு, ஆனா அதுக்கு சுவத்துல மாட்டின பப்ளிக் போன் கிட்டப் போறாரு. வானத்துல பான் ஆம் விமானக் கம்பெனி விளம்பரம் மின்னுது, நிஜத்துல அந்தக் கம்பெனி 1991-ல மூடியாச்சு. 1984-ல வந்த கிப்சனோட நியூரோமான்சர் நாவல்ல ஹீரோ திருட்டு மெமரி விக்கப் பார்க்குறான், எவ்வளவுன்னா மூணு மெகாபைட். அதுலயே ஒரு ஏஐ அவன்கிட்ட பேச நினைக்குது, வரிசையா இருக்குற பே-போன் பக்கமா அவன் நடக்க நடக்க ஒவ்வொண்ணா மணி அடிக்குது. மொபைல் போன்னு ஒண்ணு அந்த எதிர்காலத்துல இல்லாததாலதான் அந்த அபாரமான காட்சியே நமக்குக் கிடைச்சுச்சு.

அதனால இன்னைக்கு யாராவது நியான் லைட், மழை, ஜப்பானிய எழுத்து, தோல் கோட்டுன்னு புதுசா எழுதினா அது 1980-களோட கனவ மறுபடி கனவு காண்றது, ரெட்ரோஃபியூச்சரிசம். இன்னைக்கு டெக்னாலஜிய வச்சு, இன்னைக்கு ஆப் கம்பெனிகிட்ட மாட்டிக்கிட்ட டெலிவரி ஆளப் பத்தி எழுதினா அது சைபர்பங்க். வெளித்தோற்றத்துல ரெண்டாவதுக்கும் பழைய சைபர்பங்க்குக்கும் சம்பந்தமே இருக்காது, மூணாவது கேள்வியில ரெண்டும் ஒரே ரத்தம்.

பயோபங்க்?

கம்ப்யூட்டருக்குப் பதிலா மரபணு. பால் டி ஃபிலிப்போ இதுக்கு ரைபோஃபங்க்னு பேரு வச்சுப் பார்த்தாரு, 1996-ல அந்தப் பேர்ல தொகுப்பும் வந்துச்சு, பேரு பெருசா ஒட்டல. இது ரெட்ரோ இல்ல, சைபர்பங்க்கோட தங்கச்சி.

சோலார்பங்க், ஹோப்பங்க் எல்லாம் இந்தப் பட்டியல்ல எப்படி வருது? அதுல பழசே இல்லையே?

பேரு ஒரே அச்சுல இருக்குறதால மட்டும்தான். சோலார்பங்க் எதிர்காலத்தப் பார்க்குது, சூரிய சக்தி, பழுது பார்க்குறது, பகிர்ந்துக்கிறது, நகரத்துக்குள்ள காடு. 2012-லயே பிரேசில்ல போர்ச்சுகீஸ் மொழில அந்தப் பேர்ல ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்துடுச்சு. இன்னும் பின்னாடி போனா 1905-ல வங்காள எழுத்தாளர் ரொக்கேயா எழுதின சுல்தானாவின் கனவு, பெண்கள் ஆளுற நாடு, சூரிய வெப்பத்தப் பிடிச்சு வச்சு சமைக்கிறாங்க, அதே வெப்பத்த வச்சுப் படையவும் விரட்டுறாங்க. ஆனா அதுக்கு சோலார்பங்க்னு லேபிள் ஒட்டாதீங்க, வெர்ன் கதைதான் இங்கயும். முன்னோடின்னு சொல்லுங்க, போதும்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, எங்கங்க பங்க்?"னு சோலார்பங்க்கப் பார்த்துக் கேக்குறாங்க. எதிர்ப்பு ஒரு வில்லன் மேலதான் இருக்கணும்னு இல்ல, இனி ஒண்ணும் பண்ண முடியாது எல்லாம் முடிஞ்சுதுங்கிற மனநிலைய எதிர்க்கிறதும் எதிர்ப்புதான்னு அவங்க பதில் சொல்றாங்க. நல்ல கதைகள்ல அது தெரியுது, மோசமானதுல பால்கனில செடி வச்ச கட்டடப் படம்தான் மிச்சம்.

ஹோப்பங்க் 2017-ல அலெக்ஸாண்ட்ரா ரோலண்ட் கிரிம்டார்க்குக்கு, அதாவது நம்பிக்கையே இல்லாத இருட்டுக் கதைகளுக்கு, எதிர்ப்பதமா சொன்ன வார்த்தை. அதுல மெஷினே கிடையாது, அது ஒரு மனநிலை. ராஜா ராணி கதை கூட ஹோப்பங்க்கா இருக்கலாம். ஸ்ப்ளாட்டர்பங்க்கும் அப்படித்தான், 1986-ல டேவிட் ஷோ வச்ச பேரு, ரத்தம் தெறிக்கிற ஹாரர், மெஷின் வகைகளுக்கும் அதுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற சம்பந்தம்தான்.

சில்க்பங்க்குன்னா ஆசியாவுல நடக்குற ஸ்டீம்பங்க்கா?

அப்படிச் சொன்னா எழுத்தாளர் கென் லியு வருத்தப்படுவாரு, பேரு வச்சவர் அவருதான். 2015-ல வந்த அவரோட நாவல்ல மெஷினெல்லாம் மூங்கில், பட்டு, காகிதம், இறகுன்னு செடி கொடி, உயிரினங்கள்கிட்டேர்ந்து கிடைக்குற பொருள்கள்ல செஞ்சது, அசைவும் மிருகங்களோட உடம்பப் பார்த்து வச்சது. பித்தளைக்குப் பதிலா மூங்கில்னு மாத்திப் போட்டதில்ல, எஞ்சினியரிங்குக்கே வேற ஒரு பாட்டன் முப்பாட்டன் இருந்தா எப்படின்னு போற கதை. பங்க்கும் இருக்கு, சாம்ராஜ்யத்துக்கு எதிரா கலகம்தான் கதை. கிமோனோ போட்ட ஆளு கைல பல்சக்கரத் துப்பாக்கி குடுத்துட்டு சில்க்பங்க்னு எழுதாதீங்க.

என் கதைக்கு எந்த லேபிளும் சரியா வரல, நானே ஒரு பங்க் கண்டுபிடிச்சுக்கவா?

கண்டுபிடிங்க, யாரு தடுக்கப்போறா, ஜீட்டர் பண்ணது அதுதான். ஆனா அவரு பேரு வைக்கும்போது மூணு பேரு ஏற்கனவே எழுதிக்கிட்டு இருந்தாங்க. கதை இல்லாம பேரு மட்டும் வந்தா அது ரெண்டு வாரம் மீம்ல ஓடும். ஒரே கதைக்கு மூணு டேக் போட்டாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, படிக்கிறவங்க எதத் தேடி வருவாங்களோ அத மொதல்ல போடுங்க.

அஃப்ரோஃபியூச்சரிசத்த இதுல எங்க வைக்கிறது?

இங்க வைக்கவே கூடாது, அது கறுப்பின மக்கள மையமா வச்ச எதிர்காலக் கற்பனை. விமர்சகர் மார்க் டெரி 90-கள் ஆரம்பத்துல அந்தப் பேரச் சொன்னப்போ கேட்ட கேள்வியே வேற, தன்னோட கடந்த காலம் வேணும்னே அழிக்கப்பட்ட ஒரு சமூகத்தால எதிர்காலத்த எப்படிக் கற்பனை பண்ண முடியும்னு. ஸ்டீம், டீசல்னு மெஷின வச்சுப் பிரிக்கிற அலமாரில அதுக்கு இடம் கிடையாது. கூடவே இன்னொண்ணு, நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் என்னெடி ஒகோராஃபோர் தன்னோட எழுத்துக்கு ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்னு தனியாப் பேரு வச்சு 2019-ல விளக்கமும் எழுதியிருக்காங்க, அமெரிக்காவ நடுவுல வைக்காம ஆப்பிரிக்காவையே வேரா வச்சு எழுதுறதுன்னு. அதனால அவங்க புத்தகத்துக்கு டேக் போடும்போது அவங்க சொன்ன பேரையே போடுங்க.